முள் நிற்கட்டும் என்றவர்

விமானம் தலைக்கு மேலே போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்ளும் மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஐதராபாத்தின் பழைய விமான நிலையம் இருந்த பேகம்பேட்டில் அப்போதெல்லாம் ஒரு பந்தி சாப்பாடு முடிவதற்குள் இரண்டு விமானமாவது கூரையை உரசுகிற மாதிரி இறங்கும். நாங்கள் அதற்கு மேலே கத்திப் பேசப் பழகிவிட்டவர்கள். இன்னொரு கரண்டி ரசம் கேட்பவர்கூடத் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரித்தான் கேட்பார். அவர் மட்டும் பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். "சாம்" என்று நின்றால், விமானம் கடந்து, ஜன்னல் கம்பியின் அதிர்வு அடங்கி, அதற்கப்புறம்தான் "பார்" வரும். அதுவரைக்கும் நான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பெயரை எழுதவில்லை. எங்கோ மகள் வீட்டில் நன்றாக இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டால், பதில் சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் மெஸ் வைத்திருந்தேன். சாத்தூர்க் கைப்பக்குவம். யாருடைய தயவிலும் அதை நடத்தவில்லை. மேல்மாடி வெகுநாள் காலியாகக் கிடந்தது. ஒருநாள் பலகை மாட்டினார்கள். எல்லாம் ஆங்கிலம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். சாப்பிட வந்த ஒருவரிடம் கேட்டேன்.

"பிரசென்டேஷன் ட்ரெய்னிங் ஆன்ட்டி. நாலு பேர் முன்னாடி நின்னு எப்படிப் பேசறதுன்னு சொல்லித் தருவாங்க."

"பேசறதுக்குமா டியூசன்? எங்க ஊர்ப் பொம்பளைங்க நாலு பேரை மேல அனுப்பட்டா, வாத்தியாரா?"

அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் மதியம் பலகையின் சொந்தக்காரரே சாப்பிட வந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது, ஒல்லி, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். "சாம்பாரா, வத்தக்குழம்பா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். பின்னால் பத்துப் பேர் தட்டோடு நிற்கிறார்கள். அடுப்படியில் எனக்கு ஒத்தாசையாக இருந்த யாதம்மா எட்டிப் பார்த்தாள். மேடக் ஜில்லாக்காரி, என்னிடம் தமிழ் பழகியவள். "ஏமண்டி சாரு, நோட்டிலோ கொழுக்கட்டை உன்னாதா?" என்றாள். வாயில் கொழுக்கட்டை என்பது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம்தான், "வத்தக்குழம்பு அக்கா" என்றார்.

அத்தனை பேருக்கும் நான் ஆன்ட்டி. அவர் ஒருவருக்குத்தான் அக்கா.

பேச வராத மனிதர், பிறருக்குப் பேசச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறாரே என்று முதலில் எனக்கு இளக்காரம்தான். பிறகு மாடிக்குப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டுபோக ஆரம்பித்தேன். ஆளை அனுப்பியிருக்கலாம். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானே படியேறினேன்.

மேலே பெரும்பாலும் சாப்ட்வேர்க்காரர்கள். முப்பது, முப்பத்தைந்து வயது. வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் வெள்ளைக்காரர்கள் முன்னால் எழுந்து நின்றால் பேச்சு குழறும் என்று கம்பெனியே பணம் கட்டி அனுப்பியவர்கள். பெயரைக் கூப்பிட்டதும் நாற்காலியில் இருந்து எழும்போதே பேசத் தொடங்கிவிடுவார்கள். முன்னால் வந்து சேருவதற்குள் பாதிப் பேச்சு தீர்ந்திருக்கும். இவர் ஒற்றை விரலைத் தூக்குவார்.

"முள் நிக்கட்டும்."

வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். இந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழ். முன்னே அவர் பாலாநகரில் விமானக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். கருவியில் மின்சாரம் கொடுத்ததும் முள் படபடவென்று ஆடுமாம். ஆடும்போது படித்து எழுதினால் தப்பான எண் வரும். அந்தத் தப்பான எண்ணோடு ஒரு விமானம் பறக்கும். அதனால் முள் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் அப்படிப் பார்த்திருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். தெலுங்கர்களும் அதை விடவில்லை. அவர்கள் பாஷையிலும் அது முல்லுதான் அல்லவா? "முல்லு நிக்கட்டும், முல்லு நிக்கட்டும்" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே படியிறங்கி என் மெஸ்ஸுக்கு வருவார்கள்.

அதில் ஒருவர் ஐதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா மத்திய அரசு வேலையில் வந்தவர். இவருக்குத் தமிழ் புரியும். பேசினால் மூன்று பாஷையும் கலந்து அவியல் மாதிரி வரும். ஒருநாள் சாப்பாட்டு நடுவில் தன் கதையைச் சொன்னார்.

"அமெரிக்காக்காரன் போன்ல வேலை முடிஞ்சுதான்னு கேட்டான் ஆன்ட்டி. நான் டென்ஷன்ல 'ஹவ்'ன்னுட்டேன். நம்ம ஊர் ஹவ்! ஆமான்னு. அவனுக்கு அது இங்கிலீஷ் ஹவ். எப்படின்னு கேக்கறேன்னு நெனச்சுட்டான். எப்படிச் செய்யணும்னு எனக்கு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தான், நான் முடிச்சு வெச்ச வேலையை. கடைசில புரிஞ்சுதான்னான். நான் மறுபடி 'ஹவ், ஹவ்'ன்னேன். அவன் பெருமூச்சு விட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சான்!"

மெஸ்ஸே உருண்டது. யாதம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். "நக்கோ, வேணாம் ஆன்ட்டி, நீங்களுமா? என்னை அந்த புராஜெக்ட்லேர்ந்தே தூக்கிட்டாங்க" என்றார் அவர். அப்போதுதான் அவர் கண் சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

மூலை மேசையில் நம்மவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்து, கை கழுவப் போன நேரத்தில், அந்த ஆளின் பக்கத்தில் போய் நின்று சொன்னார். "ஹவ் தப்பில்லப்பா. அது உன் வீட்டு வார்த்தை. முள் ஆடும்போது வீட்டு வார்த்தைதான் முதல்ல வரும். ஒரு மூச்சு விட்டுப் பாரு, எஸ் தானா வரும்." நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். அதற்குத்தான் அவ்வளவு நேரம் அப்பளத்தை நொறுக்கியிருக்கிறார்.

இன்னொரு நாளை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கரீம்நகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவள். முறை வந்து முன்னால் போய் நின்றாள். நான் டீத் தட்டோடு வாசலில். அந்தப் பெண்ணின் வாய் திறக்கவில்லை. ஒரு விமானம் போயிற்று. டீயில் ஆடை படிந்தது. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான்; இவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது நின்றது. இன்னொரு விமானமும் போயிற்று. அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரிகிறது. உட்காரச் சொல்லித் தொலையேன் மனுஷா என்று மனதுக்குள் வைதேன். அவர் மெதுவாக எழுந்து வந்து என் தட்டில் இருந்து ஒரு டீயை எடுத்து, அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் அந்தக் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெலுங்கில், "நாக்கு பயங்கா உந்தி" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"நல்ல முதல் வரி" என்றார் அவரும் தெலுங்கிலேயே. "ரெண்டாவது?"

அவள் பேசினாள். அன்றைக்கு மணி அடித்த பிறகும் பேசினாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் சண்டை போட்டேன். "பச்சப் பிள்ளக்காரிய அப்படியா நிக்க வைப்பீங்க? கொடுமையா இல்ல?" பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் மதியம் தட்டை நீட்டிக்கொண்டே, முன்னும் பின்னும் இல்லாமல், "நான் உட்காரச் சொல்லியிருந்தேன்னா, வீட்டுக்குப் போயும் அவ நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பா அக்கா" என்றார். நேற்றைய கேள்விக்கு இன்றைக்குப் பதில். நான்தான் யாரைச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் முழித்தேன்.

அவர் மனைவி எப்போதாவது மெஸ்ஸுக்கு வருவார். கும்பகோணத்துக்காரர், கலகலவென்று பேசுவார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கப்பா இவர்கிட்ட, பிடிச்சிருக்கா மாப்பிள்ளைன்னு கேட்டார். காபி ஆறிப்போச்சு, பதிலே வரல. பிடிக்கலைன்னு நெனச்சு பஜ்ஜியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவர், ரெண்டு மைல் திரும்பி நடந்து வந்து, வாசல்ல நின்னு, 'பிடிச்சிருக்கு'ன்னார். அதுக்குள்ள நான் அழுது முடிச்சு, மூஞ்சி கழுவி, புடவை மாத்திட்டேன்." இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம் நானே மாணவியாகப் போய் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

நகரத்தின் மறுகோடியில், கொண்டாப்பூரில் பாறையை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அங்கே ஒரு பெரிய கம்பெனிக்கு எங்கள் மெஸ்ஸில் இருந்து தினமும் ஆட்டோவில் சாப்பாட்டுத் தூக்குகள் போகும். தமிழ்நாட்டில் இருந்து வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு. மெஸ்ஸின் பாதி அதில்தான் ஓடியது. ஒருநாள் காகிதம் ஒன்று வந்தது. அடுத்த மாதத்தில் இருந்து வெளிச்சாப்பாடு கேட்டுக்குள் வரக்கூடாது. உள்ளேயே உணவுக்கூடம் வரப்போகிறது. சமைத்துத் தர விருப்பம் உள்ளவர்கள் வந்து இருபது நிமிடம் பிரசென்டேஷன் கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் யாதம்மாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் நான் நிறுத்தியாக வேண்டும். மூவருமே அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். அன்று முழுக்க யாதம்மா பாத்திரத்தைச் சத்தம் இல்லாமல் கழுவினாள்.

மாடியேறினேன். "சார், எனக்கும் அந்தத் திரையில படம் போடுறது ஒண்ணு செஞ்சு குடுங்க. மத்தவங்கல்லாம் அதோடதான் வருவாங்களாம்."

வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்க கேட்டா, படிச்சுக் காட்டுவீங்களா அக்கா?"

எனக்கு முகம் எரிந்தது. விறுவிறுவென்று படியிறங்கிவிட்டேன். மறுநாள் அவர் தட்டோடு வந்தார். நான் அவருக்குப் பரிமாறவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டேன், அதற்கடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் சுவரோரமாக நகர்ந்து நின்றார். எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். மேசை துடைத்தாயிற்று. தட்டைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறார்.

"என்ன வேணும்?" என்றேன்.

"கேட்ட விதம் தப்பு அக்கா. மன்னிச்சிருங்க." ஒரு விமானம் போகக் காத்திருந்தார். "கேட்டது தப்பில்ல."

யாதம்மாதான் அவர் தட்டில் சோற்றை வைத்தாள். "அம்மா, கோபம் அப்பறம் படலாம். வேலை போச்சுன்னா நான் எங்க போறது?" என்றாள். அந்த ஒரு சொல்லில் நான் அடங்கினேன்.

அன்றில் இருந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு, கழுவிய மேசைகளுக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார். எதிரே யாதம்மா, இரண்டு பெண்கள், அவர். எந்த பாஷையில் பேசுவது என்று கேட்டேன். "காய்கறிக்காரன்கிட்ட எதுல சண்டை போடுவீங்க?" என்றார். பாதி தெலுங்கு, பாதி இந்த ஊர் இந்தி. "அதுலயே பேசுங்க."

பேசினேன். எனக்கென்ன பயம்? என் கைப்பக்குவம், என் சுத்தம், என் நேரம் தவறாமை, மற்ற மெஸ்காரர்களின் லட்சணம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் பொழிந்தேன். யாதம்மா கை தட்டினாள். அவர் மண்டையைத் தடவிக்கொண்டார்.

"மத்தவங்களுக்கு முள் ஆடும். உங்களுக்கு ஆடவே இல்லக்கா. கடைசி எண்ணுல போய் இடிச்சுக்கிட்டு நிக்குது."

யாதம்மா கேள்வி கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கினார். அவள் வாயைத் திறக்கும் முன்னே நான் பதில் சொல்லி முடித்துவிடுவேன். "அவ என்ன கேட்டா?" என்பார். எனக்குத் தெரிந்திருக்காது. நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் சலித்துப்போய், "முள்ளாவது மண்ணாவது, எனக்கு விளங்கல சார். குக்கர்ல ஆவி அடங்குறதுக்கு முன்ன மூடியத் திறக்காதேன்னு சொல்றீங்களா?" என்றேன்.

அவர் துள்ளி எழுந்தார். "அதேதான்! இதை ஏன் அக்கா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேட்டாத்தானே!"

போகிற நாளில், கூட வாருங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். உள்ளே வரமாட்டேன், வரவேற்பறையில் இருக்கிறேன் என்றார். காவல்காரர் என் கையில் இருந்த தூக்கைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். வெளிச்சாப்பாடு உள்ளே போகக்கூடாதாம். ஒரு வாய் ருசி பார்த்தால் தானாக வழிக்கு வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் வாய் மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர், கோட்டுப் போட்ட ஓட்டல்காரர்கள். கடைசியாக நான். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குட்டை முடி வெட்டிய இந்திக்கார அம்மாள், அவர்தான் முடிவு செய்கிறவர். முன்னால் போய் நின்றேன். நின்றேன். அவர்கள் மூவரும் கணினியில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும்வரை நின்றேன். அப்புறம் பேசினேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

"ஒருநாள் உங்கள் ஆட்கள் வராவிட்டால்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

என் மெஸ்ஸில் அப்படி நடக்கவே நடக்காது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். ஆவி அடங்கட்டும். நடந்திருக்கிறதே? இரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்ததே? "வெறும் தயிர்சாதம் ஊறுகாய்தான் அன்னைக்கு அனுப்பினேன்" என்றேன். "காலையிலேயே ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி, இதுதான் வரும், வேணாம்னா வேற பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். யாரும் வேணாங்கல."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். "இங்கே நானூறு பேர். உங்களால் முடியுமா?"

முடியும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் போன நாலு பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அந்த அம்மாளைப் பார்த்தபடி நின்றேன். சோற்றுக் குண்டானை இறக்கும்போது யாதம்மா தோள்பட்டையைப் பிடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது.

"முடியாது" என்றேன். "எண்பது பேருக்கு முடியும். அதுக்கு மேல ஒருத்தர் கூடினாலும் ருசி போயிரும்."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது, வேலையைத் தொலைத்துவிட்டேன் என்று. இந்த மனிதர் பேச்சைக் கேட்டு வாயைக் கட்டினேன், உண்மை வெளியே வந்துவிட்டது. மூவரும் ஆங்கிலத்தில் தங்களுக்குள் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தியில் நிதானமாகச் சொன்னார். பெரிய கூடத்தை ஓர் ஓட்டல் பார்த்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு கவுண்டர், எண்பது சாப்பாடு, தினமும், உங்களுக்கு. சரியா?

சரி என்று தலையாட்டினேன். படியிறங்கினேன்.

வரவேற்பறையில் அவர் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு எனக்குப் பின்னால் மூடக்கூட இல்லை, எழுந்து ஓடி வந்தார். கழுத்தில் மாட்டிய பாஸை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தார்.

"என்னக்கா ஆச்சு? என்ன சொன்னாங்க? கேள்வி கேட்டாங்களா? குடுத்துட்டாங்களா, இல்லையா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

ஒரே மூச்சில் ஐந்து கேள்வி. அவர் அடுத்தடுத்து இரண்டு கேள்விகூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எனக்காக ஒரு மனிதர் இப்படித் தவிப்பதைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எண்பது சாப்பாடு. நமக்குத்தான்" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை முறைத்துப் பார்த்துச் சொன்னார்:

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா அக்கா?"